முக்கோணத்தை அல்ல, எண்ணைப் பாருங்கள்

பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடியில் அம்புக்குறி முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் தெரியும். முக்கோணம் இருந்தாலே மறுசுழற்சி ஆகிவிடும் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். 1988-இல் வந்த அந்தக் குறி பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. தண்ணீர் பாட்டிலில் 1, ஷாம்பு டப்பாவில் பெரும்பாலும் 2. இவை இரண்டுக்கும் மறுசுழற்சியில் நல்ல வரவேற்பு உண்டு. 3, 6 என்றால் பல இடங்களில் யாரும் சீந்துவதில்லை.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் பக்கத்தில் கிடக்கும் சுத்தமான பொருளும் கெடும். ஒருமுறை அலசி, கவிழ்த்துக் காயவைத்துப் போடுங்கள். பளபளவென்று தேய்க்கவெல்லாம் வேண்டாம். உட்புறம் வெள்ளியாய் மின்னும் தின்பண்ட உறைகளில் பிளாஸ்டிக்கோடு அலுமினியமும் ஒட்டியிருக்கும். பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால், அவற்றைப் பாட்டில்களோடு கலக்காமல் தனியே வையுங்கள்.