துணியில் ஒட்டிய சிலிக்கானை வீட்டிலேயே எடுக்கும் முறை

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்குகளை அடைத்துவிட வேண்டும் என்பது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழைக்குப் பிறகு, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஆண்டு தவறாத வேலையாகிவிட்டது. ஹார்டுவேர் கடையில் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை 280 மில்லி டியூப் ஒன்றும் அதை அழுத்தித் தள்ளும் கன் ஒன்றும் வாங்கிவந்தால் அரைநாளில் வேலை முடிந்துவிடும். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் சட்டைக் கையிலோ சாரத்தின் (லுங்கியின்) மடிப்பிலோ வெள்ளையாக ஒரு திட்டு ஒட்டியிருக்கும். அதை எடுக்கத் தெரியாமல் நல்ல துணியைக் கரித்துணியாக்கிவிடுகிறோம் என்ற வருத்தமே இதை விரிவாக எழுதவைத்தது.

முதல் தடவை நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். என் கணவரின் நீலநிறப் பருத்திச் சட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒட்டியிருந்த சிலிக்கானை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். அது போகவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, நூலுக்கு நூல் உள்ளே இறங்கிவிட்டது. இன்றும் அந்த இடத்தைச் சாய்த்துப் பிடித்தால் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு மினுக்கம் தெரிகிறது. அடுத்த ஆண்டு குளியலறையில் டைல்ஸ் ஒட்டவந்த கொத்தனார், என் சேலை முந்தியில் பட்டதும் நான் துணியை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஈரத்துல அதத் தொடாதீய. நாளைக்கு ரப்பர் கணக்கா உரிஞ்சு வந்துரும்" என்றார். மறுநாள் அப்படியே உரிந்து வந்தது.

அவர் சொன்னதற்கு உள்ள காரணத்தைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. சிலிக்கான் பெயின்ட்டைப் போலத் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகுகிறது. ஆகவே தண்ணீர் அதைக் கரைக்காது, இறுகுவதற்குத்தான் உதவும். முழுதாக இறுகிய சிலிக்கானைக் கரைக்கும் திரவம் எதுவும் நம் வீட்டு அலமாரியில் இல்லை. அதைத் துணியிலிருந்து பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில், ஒட்டியிருப்பது சிலிக்கான்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூப் கையில் இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். இல்லாவிட்டால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை மூக்கில் ஏறினால் அது சிலிக்கான், ஏனெனில் பரவலாகக் கிடைக்கும் வகை இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வாடையே இல்லாத சிலிக்கானும் உண்டு என்பதால், காய்ந்த திட்டில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு நிமிடம் தேயுங்கள். திட்டு இளகிப் பஞ்சில் வெள்ளையாக வந்தால், அது பெயின்டர்கள் சுவர் விரிசலில் பூசும் அக்ரிலிக் பேஸ்ட். ஒன்றுமே நடக்காமல் ரப்பர் ரப்பராகவே இருந்தால் பெரும்பாலும் சிலிக்கான்.

சிலிக்கான் ஈரமாக இருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ கரண்டிக் காம்பாலோ, மேலாக நிற்கும் குவியலை மட்டும், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். ஒவ்வொரு வழிப்புக்கும் அட்டையைக் காகிதத்தில் துடைத்துக்கொள்ளுங்கள். துணியை அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, இரண்டாக மடிக்கவும் கூடாது. மேலாக நிற்பது வந்துவிட்டால் அத்தோடு கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு துணியைக் கொடியிலோ நாற்காலி முதுகிலோ, திட்டு எதன்மேலும் படாதபடி விரித்துப் போட்டுவிட்டு, ஒரு முழு நாள் காத்திருங்கள். பெரும்பாலான சிலிக்கான்கள் 24 மணி நேரத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்வரை இறுகும். திட்டு அதைவிடத் தடிமனாக இருந்தால் இரண்டு நாள் விடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் இது சற்று விரைவாகவே நடக்கும். மேலே தோல் கட்டியதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்துப் பிடித்து இழுத்தால், உள்ளே பசையாக இருப்பது மறுபடியும் பரவும். இந்தக் காத்திருப்பில்தான் துணி தப்புவதும் கெடுவதும் இருக்கிறது.

இறுகியபின் துணியைத் திட்டின் இரு பக்கமும் பிடித்துக் குறுக்காக மெல்ல இழுத்துவிடுங்கள். நெசவு நெகிழும்போது ரப்பரின் ஓரம் தானாகக் கொஞ்சம் எழும்பும். அந்த ஓரத்தை நகத்தால் பற்றி, செங்குத்தாக மேலே தூக்காமல், துணியோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடக்கி உரியுங்கள். சட்டைத் துணி போன்ற நெருக்கமான நெசவில் பெரும்பகுதி ஒரே தோலாக வந்துவிடும். பனியன் துணியிலும் துண்டிலும் அப்படி வராது; துணுக்குத் துணுக்காகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எஞ்சிய முண்டுகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் நெசவின் போக்கிலேயே தேய்த்தால் சுருண்டு உதிரும். பிளேடு வேண்டாம். பருத்தி நூல் ஒன்று அறுந்தாலும் அடுத்த சலவையில் அங்கே ஓட்டை விழும்.

ஐஸ் கட்டி வைத்துச் சுரண்டினால் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். மெழுகுக்கும் சூயிங்கத்துக்கும் அது பொருந்தும். சிலிக்கானோ மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் வளையும் தன்மையை இழப்பதில்லை. அதனால் நான் அந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மெல்லிய படலம் நிற்கலாம். அதற்குப் பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் உதவும். அது சிலிக்கானைக் கரைப்பதில்லை, ஊறவைத்து உப்பச் செய்கிறது. உப்பிய ரப்பர் பிடி தளர்ந்து பிரஷுக்கு எளிதில் வரும். சட்டையின் உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே திட்டுக்கு வாருங்கள். அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பஞ்சில் நனைத்து ஒற்றி, பத்து நிமிடம் கழித்துத் தேயுங்கள். இந்த வேலையை மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ செய்யுங்கள். டர்பன்டைனும் ஸ்பிரிட்டும் எளிதில் தீப்பற்றக்கூடியவை; அருகில் அடுப்போ, அந்தி நேரத்துப் பூஜை விளக்கோ இருக்கவே கூடாது.

அக்ரிலிக் பேஸ்ட்டாக இருந்தால் கதை நேர்மாறு. ஈரமாக இருக்கும்போதே குழாய்த் தண்ணீரில், துணியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பாயும்படி பிடித்து, சோப்புப் போட்டுக் கசக்கினால் போய்விடும், காத்திருந்தால்தான் தொல்லை. காய்ந்துவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒற்றி ஐந்து நிமிடம் ஊறவைத்து, இளகியதை வழித்து, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள்.

கட்டடத்தின் பெரிய இணைப்புகளில் போடும் பாலியூரித்தேன் என்ற இன்னொரு வகைப் பசை மிகப் பிடிவாதமானது. ஈரத்தில் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தால் உண்டு. இறுகிவிட்டால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை. அப்படிப்பட்ட சாரத்தை அடுத்த ஆண்டு வேலைக்கென்று எடுத்து வைத்துவிடுவது நல்லது.

நெயில் பாலிஷ் ரிமூவரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். பருத்தியை அது கெடுக்காது. ஆனால் அசிடேட் இழைத் துணி அதில் கரைந்தே போகும். பளபளக்கும் லைனிங் துணியில் அசிடேட் இருக்கலாம் என்பதால், என்ன இழை என்று தெரியாத துணியில் அதைத் தொடவே வேண்டாம். இறுகிய சிலிக்கானை அது கரைப்பதும் இல்லை. பட்டுச் சேலையில் பட்டிருந்தால் காயவிட்டுத் தானாக உரிந்து வரும் அளவை மட்டும் எடுத்துவிட்டு, ஜரிகையில் நகம் படாமல் மடித்து, டிரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோங்கள். என்ன ஒட்டியது என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனிச் சலவை. டர்பன்டைனோ ஸ்பிரிட்டோ பட்ட துணியை நேராக வாஷிங் மெஷினில் போடுவது ஆபத்து. வெளியே நிழலில் வாடை முழுதும் போகும்வரை காயவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு நாலைந்து சொட்டு விட்டுக் கையால் கசக்கி, அரைமணி நேரம் டிடர்ஜென்ட்டில் ஊறவைத்து, பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படியும். கடைசி அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தினால், எஞ்சியிருப்பது சிலிக்கான் படலமா சோப்புப் படிவா என்ற குழப்பம் வராது.

காய்ந்ததும் இஸ்திரி போடுவதற்கு முன் துணியை வெயிலுக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். மினுக்கம் தெரிந்தால் டர்பன்டைன் படியை இன்னொரு முறை செய்யுங்கள். அக்ரிலிக் சிறிதளவு நின்றிருந்தாலும் இஸ்திரியின் சூட்டில் உருகி நூலோடு நூலாகிவிடும். ஆகையால் விரலால் தடவும்போது அந்த இடமும் அடுத்த இடமும் ஒன்றுபோல இருக்கும்வரை இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டாம்.