டிபி (காசநோய்) வேலைக்கு புதுசா வர்றவங்க பண்ற தப்புங்க

புதுசா வர்ற பசங்க பொண்ணுங்கள பாக்குறேன், நான் ஆரம்பத்துல பண்ணின அதே தப்புங்கதான். மாஸ்க் போடு, மாத்திரைய பாதில விடாதன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத நான் திரும்ப சொல்லல.

சளி டப்பாவ நீட்டி "துப்பிட்டு வாங்க"ன்னு சொல்றது

இத பாத்தா இன்னிக்கும் கோவம் வருது. மூணு வாரமா இருமல்னு ஒரு அம்மா வந்தாங்க, நான் டப்பாவ குடுத்துட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டேன். வரிசை பூரா ஆம்பளைங்க, அவங்க முன்னாடி காறித் துப்ப கூச்சப்பட்டு, சுவர் பக்கம் திரும்பி எதையோ துப்பி மூடி வச்சிட்டு போய்ட்டாங்க. தண்ணியா, நுரையா, வெறும் எச்சில். நானும் பாக்காம லேபுக்கு அனுப்பிட்டேன், நெகட்டிவ். மூணு மாசம் கழிச்சு ரத்தமா இருமிக்கிட்டு வந்தாங்க, அதுக்குள்ள பக்கத்துல படுத்து தூங்கின அவங்க மகளுக்கும் ஒட்டிக்கிச்சு.

ரெண்டு நிமிஷ வேலைங்க இது. காத்தோட்டமா, வெளிய, யாரும் பாக்காத இடமா காட்டுங்க, பாத்ரூமுக்குள்ள அனுப்பாதீங்க. வாய கொப்பளிக்கச் சொல்லி, ரெண்டு மூணு தடவ மூச்ச ஆழமா இழுத்து விட்டுட்டு நெஞ்சு அடியிலேருந்து இருமச் சொல்லுங்க, எப்படின்னு செஞ்சே காட்டுங்க. கெட்டி சளி, 3 முதல் 5 மில்லி வேணும். எச்சிலா இருந்தா அப்பவே திரும்ப கேளுங்க. இப்படி சொல்லிக்குடுத்து எடுத்தா பெண்கள்ல பாசிட்டிவ் கூடுதலா பிடிபடுதுன்னு ஆராய்ச்சியிலயே வந்திருக்கு, அதனால "பொம்பளைங்களுக்கு கம்மியாத்தான் வரும்"னு கணக்க மட்டும் பாத்து சொல்லாதீங்க.

ஆம்பளைங்க தானா வந்துடுவாங்கன்னு நெனைக்கிறது

உலகத்துல டிபி வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஆம்பளைங்கதான். ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்கு கூலி இல்லங்கறவர காலைல பதினோரு மணிக்கு வரச்சொல்லிட்டு, வரலன்னா "ஒத்துழைக்கல"ன்னு எழுதாதீங்க. அவருக்கு தோதா நேரத்த மாத்துங்க.

கருத்தடை மாத்திரை பத்தி கேக்காம விடுறது

டிபிக்கு குடுக்குற ரிஃபாம்பிசின் மருந்து கருத்தடை மாத்திரையோட பலத்த கொறச்சிடும். கேளுங்க.

திருநங்கைய பழைய பேர் சொல்லி கூப்புடுறது

ஒரு தடவ கத்தினா போதும், அப்புறம் மருந்து வாங்க வரமாட்டாங்க.

ரிசல்ட்ட வீட்டு ஃபோன்ல சொல்றது

ஃபோன் வேற யார் கையிலயாவது இருக்கும், அவங்க காதுல விழுந்த அன்னிக்கே வீட்ட விட்டு அனுப்புனவங்களும் இருக்காங்க. எந்த நம்பர், எந்த நேரம், யார்கிட்ட சொல்லலாம்னு முதல் நாளே அவங்களையே கேட்டு கார்டுல எழுதிக்கோங்க.