‘என் கார் மாதிரி வருமா?’: கார்ச் சண்டைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காக அந்தக் காரைப் போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் பிழைப்பு. ஒரு டார்ச், டயர் பட்டன் ஆழம் பார்க்கும் கருவி, பெயிண்ட் கனம் காட்டும் மீட்டர், ஒரு ஸ்கேனர். இவ்வளவுதான் என் மூட்டை. காரைப் பார்க்க ஒரு மணி நேரம், உரிமையாளர் பேச்சைக் கேட்க இன்னொரு மணி நேரம். விற்கிறவர் பெருமை அடித்துக்கொள்வதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது, விலை கூடும். விற்கவே போகாத காருக்கு அதே பேச்சைப் பேசுகிறவர்களைத்தான் எனக்குப் புரியவே இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் அந்த வகையில் முதல் ஆள்.

மாமாவுடையது டீசல், என்னுடையது பெட்ரோல். எப்போது பார்த்தாலும் அவர் தன் கார் கதவைத் திறந்து ஒரு சாத்து சாத்துவார். ‘டொப்’. “கேட்டியா மாப்ள? உன்னோடதும் இருக்கே, தகர டப்பா.” ஆறு வருடமாக இதே நாடகம். அவரிடம் தோற்றும் ஜெயித்தும் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையேட்டைத் திறங்கள்

டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு தூங்கும் அந்தப் புத்தகத்தைச் சொல்கிறேன். நான் பார்க்கும் கார்களில் பாதிக்கு மேல் அதைப் பிரித்த தடமே இருக்காது. நானும் யோக்கியன் இல்லை. என் முதல் காரில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் செயின், அதை மாற்றவே வேண்டாம், பெல்ட் போட்ட கார் வாங்கியவர்கள் பாவம் என்று இரண்டு வருடம் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஃபியூஸ் இருக்கும் இடம் தேடிப் புத்தகத்தைத் திறந்தால், பராமரிப்பு அட்டவணையில் ‘டைமிங் பெல்ட்: 1,00,000 கிலோமீட்டரில் மாற்றவும்’ என்று இருந்தது. என் வண்டி அப்போது 97,000-ஐத் தாண்டியிருந்தது. பெல்ட் அறுந்தால் அந்த மாதிரி எஞ்சினில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், செலவு பழுத்துவிடும். இதே எஞ்சினின் அடுத்த தலைமுறையில்தான் செயின் வந்தது. நான் கேள்விப்பட்டது அந்தக் காரைப் பற்றி.

அதனால் எந்த விவாதத்துக்கு முன்னும் உங்கள் காரில் ஐந்து விஷயங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்: தயாரித்த வருடம், வேரியண்ட், எஞ்சின் குறியீடு, டயர் அளவு, ஏர்பேக் எத்தனை. எதிராளியிடமும் இதையே கேளுங்கள். பல சண்டைகள் இங்கேயே முடிந்துவிடும். ஒருவர் கீழ் வேரியண்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் மேல் வேரியண்ட்டை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

மைலேஜ்: ஸ்கிரீனை நம்பாமல் டேங்க்கை நம்புங்கள்

சண்டைகளில் முக்கால்வாசி இதில்தான். “எனக்கு 24 குடுக்குது” என்பார் மாமா. எங்கே பார்த்தது என்றால், நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிய ஒரு நாள், மீட்டரில் அந்த ஒரு மணி நேரம் காட்டிய எண். அன்றிலிருந்து அதுதான் அந்தக் காரின் மைலேஜ். பரீட்சையில் ஒருமுறை கணக்கில் 98 வாங்கிய பையன் ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பது போல.

அளப்பது சுலபம். பங்கில் தானாக நிற்கும் வரை டேங்க் நிரப்புங்கள். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அளக்கிறோமே என்று ஏசியை அணைத்துவிட்டு, காலில் முட்டை கட்டிய மாதிரி ஓட்டினால் அது உங்கள் மைலேஜ் இல்லை. 400 கிலோமீட்டராவது ஆன பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். என் காரில் 412 கிலோமீட்டருக்கு 25.1 லிட்டர் பிடித்தது. 16.4 வருகிறது. ஸ்கிரீன் காட்டியது 18.2. கம்பெனி நம்மை ஏமாற்றுகிறது என்று குதிக்க வேண்டாம். ஸ்கிரீனில் வருவது ஒரு மதிப்பீடு, அதில் இந்த அளவு வித்தியாசம் நான் அடிக்கடி பார்ப்பதுதான். ஒரு டேங்க் போதாது, மூன்று டேங்க் அளந்து சராசரி எடுங்கள். குழாய் எங்கே நிற்கிறது என்பதிலேயே ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகலாம்.

பெரிய டயர் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரின் சுற்றளவு கூடினால், உண்மையில் ஓடிய தூரத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டும். தேய்ந்த டயரில் தலைகீழ். “மைலேஜ் குறைஞ்சிடுச்சு” என்று என்னிடம் வரும் சிலருக்குக் குறைந்திருப்பது மீட்டரில் மட்டும்தான்.

சரி, அளந்தாயிற்று. இனி ஒப்பிடலாமா என்றால், டீசலையும் பெட்ரோலையும் லிட்டர் கணக்கில் ஒப்பிடுவதே கோணல். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல், பெட்ரோலில் 32 சுமார். அதாவது டீசல்காரர் ஒவ்வொரு லிட்டரிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் சோறு போட்டுக்கொண்டு, “நான் அதிகம் ஓடினேன்” என்கிறார். பாக்கெட்டுக்கு எது லாபம் என்பது வேறு கணக்கு. அதை ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் போட்டால்தான் தெரியும்.

கம்பெனி அச்சடிக்கும் மைலேஜ் எண்களையும் ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். ஐரோப்பாவில் 2017 முதல் என்.இ.டி.சி. என்ற பழைய மைலேஜ் சோதனைக்குப் பதில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய சோதனை வந்தது. பழையதில் கார் உருளையின் மேல் சுமார் 20 நிமிடம் 11 கிலோமீட்டர் ஓடும், புதியதில் 30 நிமிடம் 23 கிலோமீட்டர், வேகமும் கூடுதல். ஒரே காருக்கு இரண்டிலும் வெவ்வேறு எண் வரும். இவர் கையில் பழைய தாள், அவர் கையில் புதிய தாள் என்றால் விடிய விடியப் பேசலாம்.

கதவுச் சத்தமும் தகரமும்

மாமாவின் ‘டொப்’புக்கு வருகிறேன். அந்தச் சத்தம் வேண்டுமென்றே தயாரிக்கப்படுவது. கதவின் உள்பக்கம் அதிர்வைத் தின்னும் பட்டைகளை ஒட்டுவார்கள், ரப்பர் சீலை மாற்றுவார்கள், பூட்டின் சத்தத்தைக்கூடத் திருத்துவார்கள். அதற்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள். விரலால் தட்டிப் பார்க்கிறோமே, அந்த வெளித்தகடு எந்தச் சாதாரணக் காரிலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. என் மீட்டர் பெயிண்ட்டின் கனத்தைத்தான் காட்டும். அது தகடு கனத்தைக் காட்டுகிறது என்று நினைத்து, “பாத்தீங்களா, எவ்ளோ கெட்டி!” என்று பூரித்தவர்கள் உண்டு. மீட்டரில் எண் அளவுக்கு மீறி ஏறியிருந்தால் அந்த இடத்தில் பட்டி பார்த்துத் திரும்பப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைச் சொல்ல மனம் வராமல் நான் குறித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுவேன்.

மோதலில் ஆளைக் காப்பது அந்தத் தகடு அல்ல. உள்ளே இருக்கும் தூண்கள், கதவுக்குள் ஓடும் கம்பி, கூண்டு போன்ற அமைப்பு, சீட் பெல்ட், ஏர்பேக் இவைதான். முன்பக்கம் நசுங்கத்தான் வேண்டும். முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும், ஆள் உட்காரும் கூண்டு நசுங்காமல் நிற்கட்டும் என்ற யோசனையை பேலா பாரேனி என்ற பொறியாளர் மெர்சிடிஸுக்காக வடிவமைத்தார். 1959-இல் வந்த டபிள்யூ 111 வரிசையில் அது நடைமுறைக்கு வந்தது. “அந்தக் காலத்துக் கார் இரும்பு, மோதினா ஒண்ணும் ஆகாது” என்பவருக்குக் காட்ட ஒரு காணொளி இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டு ஆய்வு நிறுவனம், 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் ஓரமாக மோதவிட்டது. பழைய காரில் ஓட்டுநர் இருக்கும் இடமே சுருங்கிப்போனது. புதியதில் கூண்டு அப்படியே நின்றது. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், கண்ணாடித் தூண் மடங்குவது நன்றாகத் தெரியும்.

பாதுகாப்புச் சோதனையில் வாங்கிய நட்சத்திரம் பேசுகிறவர்களிடம் “எந்த வருஷத்துச் சோதனை?” என்று மட்டும் கேளுங்கள். ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு யூரோ என்கேப். 1997-இல் தொடங்கிய அது தன் விதிகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாக்கிக்கொண்டே போகிறது. 2005-இல் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஃபியட் புன்டோ, 2017-இல் திரும்பச் சோதித்தபோது பூஜ்யம் வாங்கியது. கார் கெட்டுப்போகவில்லை, வினாத்தாள் மாறிவிட்டது. இன்னொன்று, தடுப்பில் மோதிப் பார்க்கும் சோதனையில் சின்னக் கார் தன் எடைக்குத் தக்க அடியைத்தான் வாங்குகிறது. சின்னக் காரின் ஐந்தும் பெரிய காரின் ஐந்தும் ஒன்றுக்கொன்று மோதினால் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகம், குதிரைத்திறன்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சு எடுத்தவர்கள் பாதி பேர் ரோட்டில் அந்த வேகத்தைத் தொட்டதே இல்லை, மீதிப் பேர் தொட்டிருக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. உண்மை வேகம் 100 என்றால் 114 வரை காட்ட அதில் இடம் உண்டு. ஆக “நூத்தி அறுபதைத் தொட்டேன்” என்பவர் நூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் எங்கோ இருந்திருக்கலாம். அப்புறம் அலகு. குதிரைத்திறனிலேயே பி.எஸ்., பி.எச்.பி. என்று இரண்டு கணக்கு உண்டு. 100 கிலோவாட் என்பது 136 பி.எஸ்., 134 பி.எச்.பி. மூன்றும் ஒரே எஞ்சின். டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை பேசினால், எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) என்று கேளுங்கள். நியூட்டன் மீட்டரில் சொல்லும் டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 1750-இல் 250 கொடுக்கும் டீசல் அந்தக் கட்டத்தில் தருவது 46 கிலோவாட் சுமார். 6000-இல் 145 மட்டுமே கொடுக்கும் பெட்ரோல் அங்கே தருவது 91. எது நல்லது? மூட்டை முடிச்சோடு மேடு ஏறுகிறவருக்கு முதலாவது. மிதித்து விரட்டுகிறவருக்கு இரண்டாவது.

லோகோவை மூடிவிட்டுப் பாருங்கள்

இது எனக்குப் பிடித்த பகுதி. 2019-இல் வந்த டொயோட்டா சுப்ராவும் பி.எம்.டபிள்யூ. இசட் 4-உம் ஒரே அடித்தளம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ஆலையில் தயாரானவை. சுப்ராவின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பி.எம்.டபிள்யூ. போட்டது. டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆஸ்டன் மார்ட்டின் 2011-இல் சிக்னெட் என்று ஒரு குட்டிக் கார் விற்றது. டொயோட்டா ஐ.க்யூ.வுக்குத் தோலும் முகமும் மாற்றியதுதான் அது. சாதாரணக் கார்களில் இது இன்னும் சகஜம். ஒரே கியர்பாக்ஸ் கம்பெனி ஐந்தாறு பிராண்டுகளுக்குக் கொடுக்கும். “அவன் கியர்பாக்ஸ் உதவாது” என்பதற்கு முன் அது யாருடையது என்று தேடிப் பாருங்கள். உங்கள் காரிலும் அதுவே இருந்துவிடப் போகிறது.

“நாலு வருஷமா ஒரு பிரச்சினை இல்ல” என்பது ஒரே ஒரு காரின் கதை. அதற்கு நான் சொல்லும் பதில் “சர்வீஸ் பில் ஃபைலைக் காட்டுங்க.” பிரச்சினை இல்லாத காரின் ஃபைலில் கிளட்ச் பிளேட் பில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும்

போன வாரம்தான் கார் எடுத்தவரிடம். 1957-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். புதுக் கார் வாங்கியவர்கள் அதற்குப் பிறகு எந்த விளம்பரத்தைப் படிக்கிறார்கள் என்று பார்த்தால், யோசித்துவிட்டு வாங்காமல் விட்ட காரின் விளம்பரத்தைவிட, தாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தைத்தான் அதிகம் படித்திருந்தார்கள். காசு கொடுத்த பிறகு மனசுக்கு ஆறுதல் வேண்டியிருக்கிறது. அவரிடம் போய் என்கேப் வருடம் கேட்காதீர்கள். நிறம் நன்றாயிருக்கிறது என்று சொல்லுங்கள், ஒரு சுற்று கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

மாமா அந்த வகையில் இல்லை, ஆறு வருடம் ஆகிவிட்டது. அதனால் துணிந்து, மூன்று டேங்க் அளந்து சொல்லச் சொன்னேன். முதலில் முறைத்தார். “மெஷினு பொய் சொல்லுமா?” என்றார். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் இரவு போன் வந்தது.

“மாப்ள, 612 கிலோமீட்டருக்கு 35.4 லிட்டர். 17.3 வருது. மூணு தடவையும் அப்படித்தான்.”

“நல்ல நம்பர்தான் மாமா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “டயர்ல காத்து கம்மியா இருந்தா குறையுமாமே. எவ்ளோ வைக்கணும்?”

“டிரைவர் கதவைத் திறந்தீங்கன்னா, கதவு வந்து உக்கார்ற தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு போட்டிருக்கும்.”

போனைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“அட, ஆமா! இத்தனை நாளா இது இங்கயா இருக்கு?”

கதவைச் சாத்தினார். டொப்.