கவுன்சில் பராமரிப்பு: எப்படி வேண்டும் என்பதை அம்மாவே சொல்லட்டும்

இங்கிலாந்தில் வயதான பெற்றோருக்காக உள்ளூர்க் கவுன்சிலிடம் பராமரிப்பு உதவி கேட்கப் போகிறவர்களுக்கு இது. தேவை என்ன என்று பார்க்கிற அசெஸ்மென்ட் இலவசம், சேமிப்பு எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் தனியாக ஒன்று கேட்கலாம். இரண்டுமே 2014 கெயர் ஆக்ட் என்ற சட்டம் தரும் உரிமை.

அசெஸ்மென்டுக்கு ஆள் வருவதற்கு முன் இரண்டு வாரமாவது, எந்த வேலைக்கு எப்போது உதவி தேவைப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை. வந்தவர் "சமைப்பீர்களா?" என்று கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓம், எல்லாம் நானே செய்வன்" என்றார். பருப்புச் சட்டி இரண்டு தடவை கருகியதை அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். கிடைத்தது காலையில் அரை மணி நேரம், அதுவும் பதினொரு மணிக்கு! ஐந்தரைக்கே எழும்பிக் குளித்து விளக்கேற்றிப் பழகிய மனுஷி, பதினொரு மணி வரை இரவு உடுப்போடு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அதனால் முந்தின நாளே அம்மாவோடு பேசி, எதை அவர் சொல்வார், எதை நீங்கள் சொல்லலாம் என்று முடிவெடுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சிலிடமே கேளுங்கள், பிள்ளை மொழிபெயர்த்தால் பிள்ளையின் விருப்பமும் சேர்ந்து வந்துவிடும். கூட நின்று பேசப் பொருத்தமானவர் யாரும் இல்லாத, தானாகப் பேசச் சிரமப்படுகிறவருக்குக் கவுன்சில் ஓர் அட்வகேட்டை (வக்கீல் அல்ல, அவர் சார்பில் பேசுகிறவர்) ஏற்பாடு செய்ய வேண்டும்.

உதவி உண்டு என்று முடிவானால் பேர்சனல் பட்ஜெட் என்று ஒரு தொகை சொல்வார்கள். (அம்மாவின் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் என்றால் பெரும்பாலும் செலவு அவருடையது.) அந்தத் தொகையை டிரெக்ட் பேமென்டாக, அதாவது பணமாகவே, வாங்கினால் யார் வருவது, எத்தனை மணிக்கு என்பது உங்கள் கையில். ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு அதில் சம்பளம் கொடுக்க, கவுன்சில் விசேஷமாகச் சம்மதிக்க வேண்டும். நீங்களே ஆள் வைத்தால் நீங்கள்தான் முதலாளி: காப்புறுதி, சம்பளத் துண்டு, வருடத்துக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை எல்லாம் உண்டு, இந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு குடும்பம் சேர்ந்தால் இன்னும் நல்லது, பட்ஜெட்டைச் சேர்த்துப் பயன்படுத்த வழி உண்டு, சோஷல் வேர்க்கரிடம் முதலே சொல்லுங்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு அன்ரியோடு சேர்ந்தோம். உதவிக்கு வருவது ஒரே பெண், எங்களிடம் ஆறு மணிக்கு, அங்கே ஏழரைக்கு, வெள்ளிக்கிழமை இருவரையும் ஒரே காரில் கோயிலுக்கு. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த மணித்தியாலங்களுக்கு யார் கொடுப்பது? இதை முதலிலேயே பேசி எழுதி, இரண்டு அம்மாக்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள், அன்ரி அப்போதுதான் தனக்குக் குளிப்பு மாலையில்தான் வேண்டும் என்றார்.

சரிவரவில்லை என்றால் வருடாந்த ரிவியூ வரை காத்திருக்கத் தேவையில்லை, இடையிலும் கேட்கலாம். முறைப்பாட்டை முதலில் கவுன்சிலுக்கு எழுதுங்கள், அப்புறம்தான் அதை வெளியிலிருந்து விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன். அதற்கும் அந்தக் கொப்பி வேண்டும், எறிந்துவிடாதீர்கள்.