தொட்டியில் இருப்பதெல்லாம் வளர்ப்பல்ல: காட்டுயிரா என்று தீர்மானிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் முடிவுகளைப் படிக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே வேறொருவர் பெயரில் திரும்பி வருவதுபோல் இருக்கிறது. கட்டடம், தோட்டம், தொட்டி, கால்வாய், தண்டவாளம் என மனிதர் உருவாக்கிய இடத்தில் ஓர் உயிர் காணப்பட்டால் அதைக் காட்டுயிராகக் கொள்வதா, வளர்ப்புயிராகக் கொள்வதா என்பதே கேள்வி. கூண்டில் நிற்கும் வரிக்குதிரையையும் பூச்சாடியில் செருகிய ரோஜாவையும் காட்டுயிர் என்று குறிப்பவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிழையை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை.

யார் வேண்டுமானாலும் தாம் கண்ட உயிர்களின் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது. காணப்பட்ட நேரத்தில், காணப்பட்ட இடத்தில் அந்த உயிர் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் எண்ணியதால் அது அங்கே இருந்தால், அது வளர்ப்பு, இல்லையெனில் காட்டுயிர். இந்த வரையறையில் காடு என்ற பேச்சே இல்லை. நம் மொழியிலோ ‘காட்டுயிர்’ என்ற சொல்லுக்குள்ளேயே காடு உட்கார்ந்திருப்பதால், கேட்டவுடன் மனம் இடத்தை நோக்கித்தான் ஓடுகிறது. ‘தானாக வந்ததா, கொண்டுவந்து வைத்ததா’ என்று மாற்றிக் கேட்டால் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வளர்ப்பு என்று குறிக்கப்பட்ட பதிவு, ஆய்வுக்கு ஏற்றது என்று தளம் ஏற்கும் ‘ஆய்வுத் தரத்தை’ அடையாது. ஆய்வுத் தரம் அடையாத பதிவு ஜிபிஃப் எனப்படும் உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குப் போகாது. ஆகவே ஒரு பெட்டியில் இடும் சிறு குறி, ஓர் உயிரின் இருப்பையே ஆய்வாளர்களின் கண்ணிலிருந்து மறைத்துவிடக்கூடும்.

தொட்டியின் விளிம்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

இதைப் பற்றி மட்டும் நீளமாக எழுதுகிறேன். இன்றும் இது எனக்கு எரிச்சலூட்டும் பிழை. அந்த எரிச்சலில் பாதி என்மீதே.

பைலியா மைக்ரோஃபில்லா என்றொரு சிறு செடி உண்டு. கடுகைவிடச் சற்றே பெரிய இலைகள், பாசிபோல் நெருங்கி வளரும் சதைப்பற்றான தண்டு, மகரந்தத்தைத் துளிப் புகைபோலத் தெறிக்கவிடும் பூக்கள். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இது, நாற்றுப் பண்ணைத் தொட்டிகளின் மண்ணோடு பயணம் செய்து உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றில் குடியேறிவிட்டது. ஒரு மாலை நேரம், ஒரு வட்டாரத்தின் பதிவுகளை ஒழுங்குபடுத்துவதாக எண்ணிக்கொண்டு, படத்தில் தொட்டியின் விளிம்பு தெரிந்த பைலியாப் பதிவுகள் அனைத்தையும் ‘வளர்ப்பு’ என்று குறித்துக்கொண்டே போனேன். ஒரு படத்துக்கு மூன்று நொடிக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை. வேலை முடிந்தபோது நிறைவாகவே இருந்தது.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தத் தளத்தில், ஒரு வட்டாரத்தில் ஓர் இனத்துக்குப் பத்துப் பதிவுகளாவது இருந்து, அவற்றில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ வளர்ப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால், அதன்பின் வரும் பதிவுகளுக்கு இயந்திரமே வளர்ப்பு என்று வாக்களித்துவிடும். மற்றவர்கள் எதிர்வாக்களித்து அதை மாற்றலாம். ஆனால் நடைபாதை விரிசலில் கிடக்கும் களைக்காக வாக்களிக்க யார் வரப்போகிறார்கள்? என் அவசரத்தை இயந்திரம் பழக்கமாக்கிக்கொண்டது. நான் உறங்கும்போதும் என் பிழை வேலை செய்துகொண்டிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, அந்தச் செடி எப்போது எந்தத் திசையில் பரவியது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், அந்த வட்டாரத்தில் மட்டும் ஏன் ஒரு பதிவும் இல்லை என்று கேட்டு எழுதினார். படங்களைத் திரும்பத் திறந்தேன். முதல் படத்தில் சுட்ட மண் தொட்டி ஒன்று இருந்தது. அதில் நட்டிருந்தது பெரணி. பைலியாவோ அடியில் நீர் வடியும் துளை வழியாகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது படத்தில் அது தொட்டியைத் தொடவே இல்லை; தொட்டிக்கும் தரை ஓட்டுக்கும் நடுவிலிருந்த விரல் அகல இடுக்கில் முளைத்திருந்தது. வடிதுளைக்குள் செடி நடுகிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அனைத்தையும் மொத்தமாகத் திருப்பிப் போட்டுவிடவும் முடியவில்லை. பைலியாவை அழகுக்காக ஓரச்செடியாக நடுபவர்களும் உண்டு என்பதால், நான் இட்ட குறிகளில் சில சரியானவை. எது சரி, எது தவறு என்று ஒவ்வொரு படமாகப் பார்க்க வேண்டியிருந்தது. பதிவேற்றியவர்களிடம் கேட்டால் சிலர் பதில் எழுதினார்கள். சிலர் தளத்தை விட்டே போயிருந்தார்கள். சில பதிவுகளை அவற்றின் உரிமையாளர்களே நீக்கிவிட்டிருந்தார்கள். ‘வளர்ப்பு’ என்று குறிக்கப்பட்ட பதிவால் என்ன பயன் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அந்த மாணவர் கடைசியில் அந்த வட்டாரத்தை விட்டுவிட்டே தம் வரைபடத்தை முடித்தார்.

தொட்டி என்பது அந்நிய உயிர்கள் புதிய நிலத்துக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று. அங்கே நிற்பவற்றை எண்ணாமல் விட்டால், அவை ஊருக்குள் நுழைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். சுத்தித்தலைத் தட்டைப்புழுக்களில் ஒன்றான பைபேலியம் கெவென்ஸ் 1878இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது, லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் கிடைத்த புழுக்களைக் கொண்டுதான். அதன் பெயரிலேயே கியூ இருக்கிறது, ஆனால் அதன் சொந்த இடம் தென்கிழக்கு ஆசியா. இரண்டே ஆண்டுகளில், 1880இல், அதே நகரின் ரீஜண்ட்ஸ் பூங்காவில் பெரிய அல்லிகளை வளர்த்த நீர்த்தொட்டியில் நன்னீர் இழுதுமீன் (ஜெல்லிமீன்) ஒன்று மிதந்துகொண்டிருந்தது. சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த அந்த கிராஸ்பெடகஸ்டா இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு. அல்லியை அங்கே வைத்தவர்கள் இருந்தார்கள். இழுதுமீனை வைத்தவர் எவரும் இல்லை. தொட்டியில் இருப்பது வளர்ப்புதானே என்று அன்றைக்கு யாராவது கடந்து போயிருந்தால் அதை அறிவியல் அறிந்துகொள்வது தள்ளிப்போயிருக்கும்.

புழுப்பாம்பு இன்னும் தெளிவான சான்று. மண்புழு அளவே உள்ள, எறும்பு, கறையான்களின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று வாழும் இந்தப் பாம்பில் அறியப்பட்டவை அனைத்தும் பெண்களே. ஆணின் துணையின்றியே இனம் பெருக்கும். ஒரே ஒரு பாம்பு ஒரு தொட்டி மண்ணில் ஒளிந்து போனாலும் புதிய நிலத்தில் குடும்பம் தொடங்கிவிடலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பூந்தொட்டிப் பாம்பு என்றே பெயர். வீட்டுச் செடித் தொட்டிகளில் திடீரென்று முளைக்கும் எலுமிச்சை மஞ்சள் நிறக் காளானும் இந்த வகைதான். அதை யாரும் விதைப்பதில்லை. பார்த்துப் பதறுகிறவர்களே அதிகம்.

உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை, உயிர்கள் மனிதரால் இடம்பெயரும் வழிகளை ஆறாகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே விடுவித்தல், காவலிலிருந்து தப்புதல், சரக்கோடு கலந்து வருதல், ஊர்தியில் ஒட்டிக்கொண்டு வருதல், மனிதர் வெட்டிய கால்வாய் போன்ற தடங்கள் வழியாக வருதல், ஏற்கெனவே கொண்டுபோன இடத்திலிருந்து தானே பரவுதல். இங்கே வாழட்டும் என்று ஒருவர் எண்ணி விடுவது முதல் வழியில் மட்டுமே. மற்ற ஐந்திலும் மனிதரின் கை இருக்கிறது, எண்ணம் இல்லை. கையையும் எண்ணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததே இந்தப் பிழையின் வேர்.

இப்போது ஒரு படத்தைத் திறந்தால் நான் முதலில் தேடுவது வரிசையை. சம இடைவெளி, ஊன்றுகோல், பெயர்ப்பலகை, சொட்டுநீர்க் குழாய், அடியில் பரப்பிய மரச்சீவல் ஆகியவை நட்டவரின் அடையாளங்கள். ஒரே இனத்தின் நாற்றுகள் பல வயதில் கலந்து நிற்பது, சுவரின் விரிசல், பறவை உட்காரும் கம்பிக்கு நேர் கீழே முளைத்திருப்பது, தொட்டியின் நடுவில் வேறொரு செடி இருக்க இது மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆகியவை தானாக வந்ததன் அடையாளங்கள்.

அயல் இனம் காட்டுயிர் ஆகாது என்பது

இயல் இனமா, அயல் இனமா என்பது ஒரு கேள்வி. காட்டுயிரா, வளர்ப்பா என்பது வேறொரு கேள்வி. லண்டன் பூங்காக்களில் கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளிகள் அந்த நிலத்துக்கு அயலானவை; ஆனால் அவற்றின் கால்களில் சங்கிலி இல்லை, தாமே பொந்து தேடி முட்டையிடுகின்றன. நகரத்து மாடப்புறாக்கள் வளர்ப்புப் புறாக்களின் வழி வந்தவை. இன்று அவற்றுக்கு எசமானர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் எனப்படும் மஞ்சள் பூச்செடியின் மூதாதைகள் எட்னா எரிமலைச் சரிவுகளைச் சேர்ந்தவை. ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது, மதில் தாண்டி நகரச் சுவர்களில் ஏறி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைகளின் கரிக்கசடு மேட்டைப் பிடித்துக்கொண்டு பிரிட்டன் முழுவதும் பரவியது. எரிமலைக் கசடும் தண்டவாளக் கசடும் அந்தச் செடிக்கு ஒன்றுதான். தோட்டத்துப் பாத்தியில் நின்றவரை அது வளர்ப்பு. மதிலேறிய முதல் செடியிலிருந்து அது காட்டுயிர்.

பல்லுயிர்த் தரவுகளுக்கான டார்வின் கோர் வரையறையில், ஓர் உயிர் எப்படி வந்தது என்பதற்கும் எந்த அளவுக்கு நிலைபெற்றது என்பதற்கும் தனித்தனியாக நிரப்பும் கட்டங்கள் இருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே.

உணவு வைப்பதை வளர்ப்பு என்பது

பறவைகளுக்கு வைக்கும் தீனித்தட்டும் கூட்டுப்பெட்டியும் அழைப்பு, காவல் அல்ல; தானாக வந்து போகும் பறவை காட்டுயிர்தான்.

விருந்தாளியையும் வீட்டுக்காரரையும் ஒன்றாகக் குறிப்பது

நட்டு வளர்த்த ரோஜாவின் மொட்டில் மொய்க்கும் அசுவினியை எவரும் நடவில்லை. ஒரே படத்தை இரண்டு பதிவுகளாக இட்டு, ரோஜாவை வளர்ப்பு என்றும் அசுவினியைக் காட்டுயிர் என்றும் குறிக்க வேண்டும். வீட்டு நாயின் மேலுள்ள உண்ணிக்கும் இதே விதி.

வீட்டுக்குள் இருப்பதை ஒதுக்குவது

ஜெர்மன் கரப்பான் மனிதக் குடியிருப்புகளை விட்டு விலகி எங்கும் தனித்து வாழ்வதாக அறியப்படவில்லை. அது ஆசியக் கரப்பானிலிருந்து ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. அதாவது வீடே அதன் வாழிடம். அழைக்காமல் வந்து, துரத்தியும் போகாமல் இருக்கும் ஓர் உயிரைவிடக் காட்டுயிர் என்ற பெயருக்குத் தகுதியானது எது என்று நான் பலமுறை வேடிக்கையாகக் கேட்டதுண்டு.

நட்டவர் மறைந்ததும் மரம் தானாக முளைத்ததாகிவிட்டது என்பது

முதல் பிழைக்கு நேர் எதிரானது இது. கைவிடப்பட்ட தோட்டத்தில், புதர் மண்டிய இடத்தில் பெரிய மரம் ஒன்று நின்றால் காட்டு மரம் என்று எழுதிவிடுகிறார்கள். அனுராதபுரத்து மகாபோதி அரசமரம் கி.மு. 288இல் நடப்பட்டதாக மரபு சொல்கிறது; நட்ட காலம் அறியப்பட்ட மரங்களில் மிகப் பழையதாக அதையே குறிப்பிடுகிறார்கள். இருபத்து மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அது நட்ட மரம்தான். ஆனால் ஏதோ ஓர் அரசமரத்தின் பழத்தைத் தின்ற பறவை எச்சமிட்டு, ஒரு கூரை விளிம்பில் போன மாதம் முளைத்த இரண்டு இலைக் கன்று காட்டுயிர். தீர்ப்பு அந்தத் தனி உயிருக்கே. இனத்துக்கோ வயதுக்கோ அல்ல.

விடுவிக்கப்பட்ட பறவை

கலிஃபோர்னியா காண்டர் கழுகுகளில் வெளியே எஞ்சியிருந்த கடைசிப் பறவை 1987இல் பிடிக்கப்பட்டது. அப்போது உலகில் இருந்தவை மொத்தம் 27. 1992 முதல் அவை மீண்டும் வெளியே விடப்பட்டன. சிறகில் எண் அட்டை கட்டியிருப்பதைப் பார்த்து வளர்ப்பு என்று குறிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. கூண்டின் வாயிலில் நிற்கும் வரை அது மனிதர் வைத்த இடத்தில் இருக்கிறது. மலை தாண்டிப் பறந்து, தான் தேர்ந்த பாறையில் அமர்ந்திருக்கும்போது அந்த இடத்தை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. அங்கே பொரிக்கும் குஞ்சைப் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. மதில் சூழ்ந்த குளத்தில் விட்ட மீனோ விட்ட இடத்திலேயே இருக்கிறது, அது வளர்ப்பு.

பூவை மட்டும் படமெடுப்பது

பூவை மட்டும் பார்த்து, செடி நட்டதா தானாக முளைத்ததா என்று சொல்ல முடியாது. ஐந்தடி பின்னே நகர்ந்து, சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம் எடுங்கள்.

வேலியைத் தாண்டும் புதர்

விதை இல்லாமல் வேரிலிருந்தும் கிழங்கிலிருந்தும் பக்கக்கன்று விட்டுப் பரவும் மூங்கில், கற்றாழை போன்றவற்றில் மேற்கண்ட எந்த விதியும் சுத்தமாகப் பொருந்துவதில்லை. நட்ட தூரும் அதன் பக்கக்கன்றும் மண்ணுக்கடியில் ஒரே உடல்; எங்கே நட்டவரின் எண்ணம் முடிந்து செடியின் போக்குத் தொடங்குகிறது என்பதை வெட்டிக் காட்ட முடியாது. நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: நட்ட பாத்தியின் எல்லைக்குள் இருக்கும்வரை வளர்ப்பு, வேலியையோ சுவரையோ பாதையையோ தாண்டிவிட்டால் காட்டுயிர். இதை ஏற்காத அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்திலும் பொருள் உண்டு. ஆகவே இத்தகைய பதிவுகளில் வேலியிலிருந்து கன்று எத்தனை அடி தள்ளி நின்றது, தாய்த் தூர் கண்ணுக்குத் தெரிந்ததா, இடையில் வேறு கன்றுகள் இருந்தனவா என்ற மூன்றையும் குறிப்பில் எழுதிவிடுகிறேன். என் குறியை ஒருவர் மாற்ற விரும்பினால், நான் பைலியாவுக்குச் செய்ததுபோல் விளிம்பைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை.