டீசல் ஃபில்டர் மாற்றியபின் மினி டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா?

ஃபில்டர் மாற்றியதும் வண்டி ஒரு முறை உறுமிவிட்டு நின்றால், பெரும்பாலும் ஏர் லாக்தான், அதாவது டீசல் போகும் வழியில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். செல்ஃபைப் போட்டு அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரிதான் தீரும்.

முதலில் டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும், டீசல் குழாயும் திறந்திருக்கட்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி பொங்கி வரும், அப்புறம் இடையிடையே குமிழி, கடைசியில் கண்ணாடிபோல் தெளிந்த டீசல். அது வழிந்துகொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஹேண்ட் பம்ப் இல்லாத சிறிய வண்டிகளில் டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே இறங்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அடுத்து டீசல் பம்பில் உள்ள போல்ட்டையும் இப்படியே பாருங்கள்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடிக்கலாம். அங்கே கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

லிஃப்டைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயிலை மாற்றினால், அதில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை இதைவிட எளிது. ஐடிலிங்கில் ஓடவிட்டு, லிஃப்டை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி அளவுக் குச்சியைப் பாருங்கள், ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.