பருவுக்கு அவசரப்பட்டு நாம் செய்யும் தவறுகள்

இன்று கன்னத்தில் சிவந்து நிற்கும் பருவுக்கு வயது சில வாரங்களாவது இருக்கும். தோலுக்கு அடியில் மயிர்க்காலோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது. துளையின் உட்புறத்தில் உதிர வேண்டிய இறந்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து துளையின் வாயை அடைத்துவிடுகின்றன. எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கக் கிளம்பும்போதுதான் சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம். கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு பருவாக வெளிவர இரண்டு மாதம்கூட ஆகலாம். பருவுக்காக நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டு மாத வேலையை இரண்டு நாளில் முடிக்கப் பார்ப்பதால் வருபவை.

முதல் அவசரம் கழுவுவதில். முகத்தில் அழுக்கு இருப்பதால்தான் பரு வருகிறது என்று நினைத்துக்கொண்டு நாளுக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் நிறைய. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட அழுக்கு கிடையாது. அடைப்பின் மேல்முனையில் உள்ள தோல் நிறமியும் காற்றுப் பட்டு மாறிய எண்ணெயும்தான் அந்தக் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ், நன்றாக வியர்த்தால் இன்னொரு தடவை, அவ்வளவு போதும். குருணை போட்ட ஸ்க்ரப் வீங்கியிருக்கும் பருவை மேலும் சீண்டிவிடும்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் டூத்பேஸ்ட்டும் இதே கணக்கில்தான் சேரும். அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவு ஆரோக்கியமான தோலில் 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம், சமையல் சோடா 8-க்கு மேல். இரண்டும் தோலின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். அதிலும் எலுமிச்சை வகைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து, அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கலாம்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று விட்டுவிடுவதும் தவறு. பரு மருந்துகள் தோலை வறட்டும். வறண்டு எரியும் முகத்தில் மருந்தைத் தொடர்ந்து போட யாருக்கும் மனசு வராது. 'நான்-கமடோஜெனிக்' (துளையை அடைக்காதது) என்று போட்டிருக்கும் லேசான மாய்ஸ்சரைசராகப் பார்த்து வாங்குங்கள். நெற்றியோரத்தில் மட்டும் வரிசையாகப் பரு வந்தால், தலைக்குத் தடவும் எண்ணெயையும் ஜெல்லையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள்.

அப்புறம், கிள்ளுவது. நகத்தால் அமுக்கும்போது வெளியே வரும் சீழ்தான் நம் கண்ணில் படுகிறது. அதே அழுத்தத்தில் துளையின் சுவர் உள்பக்கமாகவும் கிழியலாம். அப்போது உள்ளே இருந்ததெல்லாம் ஆழமான அடுக்குக்குள் பரவி, கடுகளவு பரு இரண்டு நாளில் பட்டாணி அளவு கட்டியாகிவிடுகிறது. குழிவிழுந்த தழும்புக்கு இது நேர்வழி. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இன்னொரு தொல்லை உண்டு: பரு ஆறினாலும் அந்த இடத்தில் கருமை தங்கிவிடும், மங்குவதற்கே பல மாதம் பிடிக்கும். வெயில் பட்டால் அது இன்னும் கறுக்கும் என்பதால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பகலில் போடுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான். கை சும்மா இருக்கவில்லையா, பருவின் மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு பேட்ச் கிடைக்கிறது. பரு ஆறவும் உதவும், விரலையும் தடுக்கும்.

மருந்து வாங்கியவர்களும் அவசரப்படுகிறார்கள். தெரியும் பருவின் மேல் மட்டும் பொட்டு வைத்தாற்போலத் தடவுவார்கள். அடுத்த மாதம் வரப்போகும் பரு பக்கத்துத் தோலுக்கு அடியில் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கும்போது, அங்கே மருந்தே போய்ச் சேராது. அடாபலீன் 0.1% மாதிரியான ரெட்டினாய்டை (துளை அடைபடாமல் தடுக்கும், வைட்டமின் ஏ சார்ந்த மருந்து), பரு வரும் பகுதி முழுவதும் மெலிதாகப் பூச வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும், பரு கூடியது மாதிரிகூடத் தெரியலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில் தொடங்கினால் சமாளிக்கலாம். பருவில் பெருகும் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு வாங்குபவர்கள் 10% இருந்தால் நான்கு மடங்கு வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். 2.5% ஏறக்குறைய அதே பலனைத் தரும், எரிச்சலும் குறைவு. துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும். பழைய தலையணை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எத்தனை நாள் பார்ப்பது? குறைந்தது 8 வாரம், முழுப் பலனைத் தெரிந்துகொள்ள 12 வாரம். இரண்டு வாரத்தில் ஒன்றை நிறுத்தி அடுத்ததற்குத் தாவுகிறவர்கள் எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரம் கொடுப்பதில்லை. முகம் தெளிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துவதும் அதே அவசரம்தான். கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடுவதும் கூடாது. பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தால் அந்த ஆபத்து குறையும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான தவறு ஸ்டீராய்டு கிரீம்தான். ஏனென்றால் அது முதலில் வேலை செய்கிறது. பீட்டாமெத்தசோன், கிளோபீட்டசால், மொமெட்டசோன் போன்றவை இரத்த நாளங்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால், சில நாளில் சிவப்பு மறைந்து முகம் பளிச்சென்று ஆகிவிடும். யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? தோழிக்கும் சொல்வோம், தம்பிக்கும் கொடுப்போம். தொடர்ந்து போடப் போடத் தோல் மெலிகிறது, மெல்லிய சிவப்பு இரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன, முகத்தில் பூனைமுடி வளர்கிறது, ஸ்டீராய்டே ஒரு புது வகைப் பருவைக் கிளப்புகிறது. நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்து சிவக்கும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதையே எடுத்துப் பூசுவார்கள். கையில் இருக்கும் ட்யூபில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்ற கணக்கோடு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத 'ஒரே வாரத்தில் பொலிவு' கிரீமை முகத்தருகே கொண்டுபோகவே வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு, பால், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் ஆகியவை சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன. எண்ணெய்ப் பலகாரத்தின் மேலும் சாக்லேட்டின் மேலும் சுமத்தப்படும் பழிக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

பரு மாதிரித் தெரிவதெல்லாம் பருவும் இல்லை. நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தால் அது பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் போட்டால் அது அதிகமாகத்தான் ஆகும். மாதவிடாய் தள்ளித்தள்ளி வந்து, தாடையில் பருவும் முடியும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'வயசுக் கோளாறு, தானாப் போயிடும்' என்று பெரியவர்கள் தள்ளிப்போடுவது தனி வருத்தம். பரு போகலாம், குழி போகாது. ஆழமாக வலிக்கும் கட்டிகள், தழும்பு விழ ஆரம்பித்த முகம், வெளியே வரவே கூசும் பிள்ளை: இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை 1982-இலிருந்து இருக்கிறது. பலருக்கு நீண்டகாலத் தீர்வாகவே அமைகிறது. ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும் என்பதால், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. அடுத்தவர் சீட்டைப் பார்த்து வாங்கிப் போடும் மாத்திரை அல்ல இது. தடவும் ரெட்டினாய்டையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். அப்போது அசெலாயிக் ஆசிட் போன்ற வேறு வழி உண்டு.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானதையும் சேர்த்து. வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், உடற்பயிற்சிக்காக ஏதாவது ஊசியோ பவுடரோ எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.